வாத்துக் குரலில் ஒரு வாக்கு

1977ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. காலை எட்டரை மணிக்கு வடகரப்பதியில் ஒரு தோட்டத்து வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். கையில் மஞ்சள் துணிப்பை. நெரிசலான பஸ்ஸில் முட்டை கொண்டு வந்தவள்போல அதை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

வாசலில் பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த சின்னையன் நிமிர்ந்து பார்த்தான்.

"இங்க வாத்துக் குரல மனுசக் குரலா மாத்துற அம்மா வீடு எதுங்க?" என்று கேட்டாள் அவள்.

"இதே ஊடுதானுங்க. வாத்து எங்கீங்க?"

"பையில இருக்கு" என்றவள் இரண்டு கேசட்டுகளை வெளியே எடுத்தாள்.

சின்னையன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவனுக்கு முப்பத்திநான்கு வயது. தன் அக்கா கமலாத்தாள் துப்பறியும் காரியங்களில் தான் பாதிப் பங்காளி என்பது அவனுடைய உறுதியான எண்ணம். இதுவரை அவன் பங்கு, ஜீப் ஓட்டியதும் ஒவ்வொரு முறையும் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டதும்தான்.

கமலாத்தாள் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்தாள். நான்கு வருடமாக ஒரே ஆராய்ச்சி: ஆழ்கடலில் ஹீலியம் சுவாசிக்கும் முக்குளிப்பவர்களின் குரல் வாத்துக் கத்தல்போல ஆகிவிடுகிறதே, அதை மறுபடி புரியும் பேச்சாக மாற்றுவது. கல்லூரி ஆண்டு விழாவில் முதல்வர் அவளை அறிமுகம் செய்தபோது, "நமது மேடம் வாத்துகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்" என்றார். கூட்டம் சிரித்தது. முதல்வருடைய பேச்சில் கூட்டத்துக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அது. ஆனால் வடகரப்பதியில் அவளுக்கு வேறு மாதிரிப் பெயர். மூன்று கேள்வி கேட்டாலே யார் வீட்டு ஆடு யார் வீட்டுக் குழம்பில் வெந்தது என்று சொல்லிவிடுவாள் என்று பேசிக்கொள்வார்கள்.

"உக்காரு கண்ணு. மொதல்ல தண்ணி குடி. அப்பறம் சொல்லு" என்றாள் கமலாத்தாள்.

வந்தவள் பெயர் அழகுத்தாய். குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் கங்காணி பெரியமுத்துவின் மகள். பட்டாணி மடித்து வந்த பழைய செய்தித்தாளில் கமலாத்தாளைப் பற்றிப் படித்துவிட்டு, ஒரு பகலும் ஓர் இரவுமாக நான்கு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"எங்க அத்த மகன் சந்தனம் மாமாவுக்கும் எனக்கும் பேசி வச்சிருக்கு" என்று ஆரம்பித்தாள். "அவரு நேவியில முங்குற வேல பாத்துட்டு, இப்ப பம்பாய்க் கடல்ல எண்ணெய்க் கிணத்துக்காக முங்குறாரு. கப்பல் மேல ஒரு இரும்புத் தொட்டிக்குள்ள மாசக் கணக்கா அடைச்சு வச்சிருக்காகளாம். தையில கல்யாணம் வைக்கலாமா, என்னைக்கு வைக்கலாம்னு கேட்டு எங்க அப்பா எழுதச் சொன்னாரு. எங்க வகையறாவுல நாள் குறிக்க மாப்பிள்ள தன் வாயால சொல்லணும். கடுதாசி செல்லாது. அதனால மாமா கேசட்டுல பேசி அனுப்பிச்சாரு."

"அது வாத்துக் குரல்ல இருந்துச்சு."

"ஆமாக்கா. கேட்டதும் எங்க அப்பா, 'இது என் மருமகனா, மடையில மேயுற வாத்தா'ன்னு எந்திரிச்சுட்டாரு. அத்த மட்டும், 'எம்மகன்தான், தை ஒம்போதுன்னு சொல்றான்'னு சொல்லுச்சு. 'உனக்கு ஆசை, அப்பிடித்தான் கேக்கும்'னு எல்லாரும் அத்தை வாய அடச்சுட்டாக."

அதன்பின் குமுளி கடைவீதியில் 'அகில உலக ஒலி ஆராய்ச்சி நிலையம்' நடத்தும் 'டாக்டர்' நல்லமுத்து அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு போனார். ரேடியோ ரிப்பேர், மைக் செட் வாடகை ஆகியவையும் அதே நிலையத்தில் உண்டு. பத்து நாள் கழித்து நோட்டீஸ் அடித்தார். பஞ்சாயத்து பிரசிடென்ட் ஏசுரத்தினம் தலைமையில், ஒலிபெருக்கியில், ஊரறிய, தம் யந்திரம் மொழிபெயர்த்த குரலைப் போட்டுக் காட்டினார். பிரசிடென்ட் நாற்பது நிமிடம் பேசினார். கேசட் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி பேசியது. அதன் சாரம், சந்தனம் மூன்று வருடத்துக்கு வரமாட்டான், கல்யாணத்தை ஒத்தி வைக்கவும் என்பது.

"எங்க அப்பா மானஸ்தரு. 'மூணு வருசம் எம்மக காத்துக்கெடக்கணுமா'ன்னு கம்பத்துல வேற மாப்பிள்ள பேசிட்டாரு. நாளான்னைக்கு மார்கழி பொறக்குறதுக்குள்ள வெத்தல மாத்துறாக. புதன்கெழம." அழகுத்தாய் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தொட்டியில அவரு உடம்புக்கு ஏதும் ஆகிருக்குமாக்கா?"

"ஒண்ணும் ஆகாது. கடலுக்கடில இருக்கற அமுக்கத்த அந்தத் தொட்டிக்குள்ளயே உண்டாக்கி வெச்சிருப்பாங்க. அந்த அமுக்கத்துல சாதாக் காத்து கள்ளுக் குடிச்சாப்பல மயக்கும். அதுக்குத்தான் ஹீலியம் கலக்கறாங்க. கொச்சியில ரெண்டு முக்குளிக்கற பசங்க எனக்குச் சொல்லியிருக்கறாங்க. கம்பளி போத்துனாலும் குளிருமாம். காப்பி ருசிக்காதாம். சீட்டியடிக்க வராதாம். அவியவிய பேச்சு அவியவியளுக்கே பத்து நாள்ல பழகிப் போகுமாம். உன்ற மாமனுக்குத் தன் குரல் மாறுனதே மறந்திருக்கும். அதனாலதான் அப்படியே பேசி அனுப்பிட்டாரு."

சின்னையன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தான். கூடவே ரேக்ளா பந்தயத்துக்கு நேரம் பார்க்கும் தன் ஸ்டாப்வாட்சையும் எடுத்துக்கொண்டான். காரணம் அவனுக்கே தெரியாது. துப்பறிகிற இடத்தில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

முதலில் அசல் கேசட். ஆரம்பத்திலேயே தகரத்தில் கரண்டியால் தட்டியது போல இரண்டு தட்டல். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று தட்டல்.

"டேப்புப் பெட்டில எதோ லூசா இருக்குதக்கா" என்றான் சின்னையன்.

பிறகு குரல். ஒரு வாத்து அவசரமாகப் பத்திரம் வாசிப்பதுபோல இருந்தது. ஒரு நிமிடம் ஐந்து விநாடி ஆனபோது, 'டங்' என்று ஒரு பெரிய இரும்புச் சத்தம். அதோடு பேச்சு நின்றது. சிறிது நேரம் எதையோ மெல்லும் சப்தம் மட்டும். பிறகு வாத்து மறுபடி தொடங்கி, கடைசிவரை நிற்காமல் பேசியது.

அடுத்து டாக்டரின் கேசட். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் நகல் போட்டுக் கொடுத்திருந்தார். சுத்தமான ஒரு சீட்டி: இரண்டு, இடைவெளி, மூன்று. பிறகு கோயில் திருவிழா அறிவிப்புபோல ஒரு கனத்த ஆண்குரல்.

"பேரன்பு மிக்க தாயாரே. மாமனாரே. யான் கடலின் அடியில் நலம். விஞ்ஞானத்துக்கு என் உயிரை ஒப்படைத்துவிட்ட படியால் மூன்று ஆண்டுகளுக்கு மணவினை பற்றி எண்ணுவதற்கில்லை..."

இடையில் ஓரிடத்தில் அக்குரல், "என் குரலை மீட்டுத் தரப்போகும் டாக்டர் நல்லமுத்து அவர்களின் நிலையத்துக்கு என் சிரம் தாழ்ந்த வணக்கம்" என்றது.

"ரெண்டும் ரெண்டு நிமிசம் நாப்பது விநாடி. துல்லியமா" என்றான் சின்னையன்.

"நோட்டீஸ்லயே போட்டிருந்தாரு. 'ஒரு விநாடி கூடாது, குறையாது'ன்னு" என்றாள் அழகுத்தாய்.

"இது உன்ற மாமன் பேசற மாதிரியா இருக்குது?"

"இல்லக்கா. அவரு 'யான்'னு சொன்னா நாங்க வைத்தியரக் கூப்புட்டிருப்போம். ஆனா அந்தச் சீட்டி அவருதுதான். ஏலக்காட்டுல செடி ஆளு உசரம். பக்கத்துல நிக்கிறவுகளே தெரியாது. அதனால பேசுறதுக்கு முந்தி ஆளாளுக்கு ஒரு சீட்டி. 'நான் இன்னாரு'ன்னு. ரெண்டு, நிறுத்தி, மூணு. அது சந்தனம் மாமா சீட்டி. அதக் கேட்டுத்தான் ஊரே நம்புச்சு. நானும்தான் கொழம்பிப் போனேன்."

"அந்தச் சீட்டி அந்த மலையில யாருக்குத் தெரியாது?"

"தெரியாதவுகளே கெடையாது."

"செரி. சின்னையா, ஜீப்ப எடு. என்ற கருவிப் பொட்டியையும் எடுத்து வையி."

கம்பம் போய்ச் சேர்வதற்குள் சின்னையன் மூன்று குற்றவாளிகளைக் கண்டுபிடித்துவிட்டான். தாராபுரத்தில் கம்பத்து மாப்பிள்ளை. திண்டுக்கல்லில் பெரியமுத்து. தேனியில், பம்பாய்க் கப்பல் கம்பெனி. கமலாத்தாள் மூன்றுக்கும் "ம்" என்றாள். அழகுத்தாய் பின்சீட்டில் ஒரு வழியாகத் தூங்கிப்போனாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை மலையேறிக் குமுளியை அடைந்ததும் முதலில் நிலையத்துக்குப் போனார்கள். கடை எட்டடி அகலம். பெயர்ப்பலகை பன்னிரண்டடி. மிச்சம் நான்கடி பக்கத்துக் காப்பிக் கடைமேல் நீட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் நல்லமுத்து கோட்டு போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் யந்திரம். பீரோ அளவுப் பெட்டியில் பதினாறு திருகுகள், சிவப்பிலும் பச்சையிலும் விளக்குகள்.

"தாங்களும் இத்துறையில் சிறிது பழக்கமுடையவர் என்று கேள்விப்பட்டேன்" என்றார் டாக்டர்.

"சிறிதுதானுங்க. நீங்க எந்த வழியில பண்றீங்க? டேப்ப மெதுவா ஓட்டியா?"

"அஃதே. வேகமாகக் கேட்கும் குரலை மெதுவாக்கினால் இயல்பாகிவிடும். பாமரர்க்கும் விளங்கும் உண்மை."

"பாமரர்க்கு வெளங்கும். குரலுக்கு வெளங்காதுங்களே" என்றாள் கமலாத்தாள் மரியாதையாக. "நாயனத்த எடுத்துக்குங்க. சீவாளி ஒண்ணு, கொழல் ஒண்ணு. நம்ம தொண்டை சீவாளி, வாய் கொழல். ஹீலியத்துல தொண்டை எப்பவும்போலத்தான் அதிருது. வாய்தான் பாதி நீளக் கொழல் மாதிரி ஆயிருது. நீங்க டேப்ப மெதுவாக்குனா கொழல் நேராயிரும். ஆனா சீவாளியும் சேந்து தளந்துரும். வாத்துப் போயி எருமை வரும். பேச்சும் ரெண்டு பங்கு நீளும்."

டாக்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"கொச்சியில நான் எடுத்த கேசட் ஒண்ணு இருக்குது. ஒருத்தர் தொட்டிக்குள்ள இருந்து பத்து வார்த்தை சொல்றாரு. என்ன வார்த்தைன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். உங்க யந்திரத்துல போட்டுச் சொன்னீங்கன்னா நான் பேசாம ஊருக்குப் போயிருவனுங்க."

"யந்திரம் இன்று ஓய்வில் இருக்கிறது. மின்னழுத்தமும் போதாது. வால்வுகள் குளிர வேண்டும்."

இதற்குள் சின்னையன் பெட்டியின் பின்பக்கம் போயிருந்தான். மோட்டார் பிரிக்கும் கை சும்மா இருக்காது. வெளியே வந்ததும் அக்காவின் காதில் சொன்னான்: "பதினாறு திருகுல ரெண்டுக்குத்தான் ஒயர் இருக்குதக்கா. ஒண்ணு சத்தம் கூட்ட. இன்னொண்ணு லைட்டு மினுக்க."

"அப்ப பாதித் திருடனப் புடிச்சுட்ட."

"மீதிப் பாதி?"

"எதுக்காகச் செஞ்சாருன்னு."

*

மாலை நான்கு மணிக்கு, வேலை முடிந்து வந்தவர்கள் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் கூடினார்கள். தினம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மைதானம் அது. பெரியமுத்து கைகட்டி நின்றார். அவருடைய அக்காவும் சந்தனத்தின் தாயுமான மூக்கம்மாள், ஏலக்காய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பிரசிடென்ட் ஏசுரத்தினம் மாலை போட்டுக்கொண்டே வந்தார். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் நல்லமுத்துவின் மைக் செட்டே பிடிக்கப்பட்டிருந்தது. அந்த மலையில் வேறு மைக் செட் இல்லை.

"விஞ்ஞானம் என்பது..." என்று பிரசிடென்ட் தொடங்கினார்.

"பெரியவரே, வெளிச்சம் போயிரும். நீங்க கடைசில பேசுங்க. அதுதான் மரியாதை" என்றாள் கமலாத்தாள். கடைசி என்ற சொல் அவருக்குப் பிடித்தது. உட்கார்ந்தார்.

"ஏனுங்க, பெரியமுத்து. உங்களுக்கு ரெண்டு சந்தேகம். முதல் கேசட்ல பேசறது உங்க மருமகன்தானா? அவரு என்ன சொன்னாரு?"

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. டாக்டரு போட்டுக் காட்டிட்டாரு" என்றார் பெரியமுத்து. "ஊரே கேட்டுருச்சு. நாளைக்கு வெத்தல மாத்தணும். வெத்தல வாங்கி நனச்சு வச்சிருக்கேன்."

"நனச்சது அப்படியே இருக்கட்டும். சின்னையா, முதல் கேசட்டப் போடு. வாட்ச்ச டாக்டர் கைல குடு."

வாத்து பேசியது. ஒரு நிமிடம் ஐந்து விநாடியில் 'டங்'. மெல்லும் சப்தம். பேச்சு மறுபடி தொடங்கியது.

"பேச்சு எத்தன நேரம் நின்னுதுங்க, டாக்டரே?"

"பதினோரு விநாடி" என்றார் நல்லமுத்து, வேறு வழியில்லாமல்.

"தொட்டிக்குள்ள சாப்பாடு ஒரு சின்னக் கதவு வழியாப் போகும். அந்தக் கதவுச் சத்தந்தான் அது. மனுசன் பேச்ச நிறுத்திட்டுச் சாப்புடறாரு. இப்ப உங்க கேசட்ல அதே ஒரு நிமிசம் அஞ்சு விநாடியக் கேப்பம்."

ஒலிபெருக்கியில் கனத்த குரல் முழங்கியது: "என் குரலை மீட்டுத் தரப்போகும் டாக்டர் நல்லமுத்து அவர்களின் நிலையத்துக்கு என் சிரம் தாழ்ந்த வணக்கம்."

கூட்டத்தில் யாரோ, "வாயில சோத்த வச்சுக்கிட்டா வணக்கம் சொன்னாரு?" என்றார்கள். சிரிப்பு பரவியது.

"அந்த இடைவெளி வெறும் இரைச்சல். என் யந்திரம் அதை நீக்கிவிட்டது" என்றார் டாக்டர்.

"நீக்கியிருந்தா உங்க கேசட் பதினோரு விநாடி கொறையோணுமுங்க. ரெண்டும் ஒரே நீளம்னு நோட்டீஸ் அடிச்சது நீங்கதானே? குரல மாத்தற யந்திரம் உண்டு. மென்னுட்டிருக்கற வாயில பேச்ச வெக்கற யந்திரம் இன்னும் யாரும் பண்ணல."

பெரியமுத்து கைக்கட்டைப் பிரித்தார். "அப்ப அந்தச் சீட்டி? அது எம்மருமகன் சீட்டிதான. எங்காதுக்குத் தெரியாதா?"

"அந்தச் சீட்டியத்தான் நானும் சொல்ல வந்தனுங்க. ஊர் நம்புனது அத வெச்சு. நான் நம்பாததும் அத வெச்சுத்தான். அந்த அமுக்கத்துல, அந்தக் காத்துல, உதட்டக் குவிச்சு எத்தன ஊதுனாலும் சீட்டி வராதுன்னு அங்க வேல செய்யறவங்களே எங்கிட்டச் சொல்லியிருக்கறாங்க. இது கடல் தெரிஞ்சவன் பண்ணுன கேசட் இல்ல. ஏலக்காட்டு மனுசன் பண்ணுனது. சீட்டியில்லாம ஒருத்தர் பேசத் தொடங்குவாருன்னு இந்த மலையில யாராலயும் நெனச்சுப் பாக்க முடியாது. அதனால பேச்சுக்கு முன்னாடி ஒரு சீட்டிய அடிச்சு வெச்சுட்டாரு."

"அப்ப மாமா சீட்டி அடிக்காமயா பேசினாரு?" என்றாள் அழகுத்தாய்.

"அவரும் இந்த மலைக்காரர்தானே. சும்மா பேசுவாரா? முதல் கேசட்டோட தொடக்கத்த மட்டும் போடு, சின்னையா."

டக், டக். இடைவெளி. டக், டக், டக்.

அன்றுவரை எல்லோரும் குரலுக்காகக் காத்திருந்து, குரலுக்கு முன் வந்ததைத் தவறவிட்டிருந்தார்கள்.

"சீட்டி வரலைன்னதும் கரண்டிய எடுத்துத் தொட்டிச் சுவத்துல தட்டியிருக்கறாரு. ரெண்டு, நிறுத்தி, மூணு. இரும்புல தட்டுன தாளத்த எந்தக் காத்தாலயும் மாத்த முடியாது."

மூக்கம்மாள் கூடையிலிருந்து எழுந்திருக்காமலே, "மொத நாளே சொன்னேன்" என்றாள். "யாரு கேட்டா? டாக்டரு, காது யந்திரமாகாது பாட்டின்னாரு. எனக்கு அம்பத்திரெண்டு வயசு. இவரு எனக்கு மூத்தவரு."

நல்லமுத்து கோட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு சாதாரண ரேடியோ மெக்கானிக் இருந்தார். பேச்சும் கூடவே கழன்றுவிட்டது.

"பத்து நாளு முட்டிப் பாத்தேன். மெதுவா ஓட்டினா எருமை, வேகமா ஓட்டினா கொசு. நோட்டீஸ் அடிச்சாச்சு, பிரசிடென்ட் மால வாங்கிட்டாரு. என்ன செய்வேன்? எழுதுன கடுதாசில கேட்டது ஒரே கேள்வி, தையில வருவியா மாட்டியான்னு. வருவேன்னு நான் சொல்லி, அவன் வரலைன்னா எந்திரம் பொய்யின்னு ஊரு சிரிக்கும். வரமாட்டேன்னு சொல்லி, அவன் வந்து நின்னா? கல்யாணச் சந்தோசத்துல எந்திரத்த யாரு நெனைக்கப் போறா? அதான் வரலைன்னு வச்சேன். இவரு கம்பத்துக்குப் போயி மாப்பிள்ள பேசுவாருன்னு நான் கண்டேனா?"

சின்னையன் வியந்துபோய் நின்றான். இவ்வளவு புத்தியை இவ்வளவு வீணாகச் செலவழித்த ஆளை அவன் பார்த்ததில்லை.

"சரி, இது பொய்யினே வைப்போம்" என்றார் பெரியமுத்து. குரலில் பழைய விறைப்பு இல்லை. "அவன் நெசமா என்ன சொன்னான்? அது தெரியாம கம்பத்துக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

கமலாத்தாள் தன் கருவிப் பெட்டியைத் திறந்தாள். பிஸ்கட் டின் அளவு. ஒரே ஒரு திருகு. குரலின் ஒவ்வொரு துடிப்பையும் பிடித்து, அதன் தலைப்பகுதியை மட்டும் இழுத்து நீட்டி, வாலை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த துடிப்பு வரும் நேரத்துக்குச் சரியாகக் கொடுத்துவிடும் என்று அவள் சொன்னாள். குழல் நீளும், சீவாளி தளராது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படி நடக்கும்.

"ஆனா ஒண்ணு. என்ற பொட்டியில குரல் தெளிவா வராது. சளி புடிச்சவன் தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரித்தான் வரும். அப்படிப்பட்ட குரல்ல, இன்னதுதான் வரும்னு முன்னாடியே சொல்லிட்டா எல்லாத்துக்கும் அதே கேக்கும். அதனால ஊருக்கு இப்பப் போடமாட்டேன். அழகுத்தாய்க்கும் அத்தைக்கும் ஆசை இருக்குது, அவியளும் ஒதுங்கட்டும். ஆசையில்லாத காது மூணு வேணும். ஒருத்தர் பெரியமுத்து. கம்பத்துக்கு வாக்குக் குடுத்துட்டவரு. ரெண்டாவது பிரசிடென்ட். அவரு யாரு பேசறதையும் கேட்டுப் பழக்கமில்லாதவரு."

"நன்றி" என்றார் ஏசுரத்தினம்.

"மூணாவது டாக்டர். தான் பொய்யின்னு நிரூபிக்கறதுல யாருக்கு ஆசை இருக்கும்?"

மூவரும் ஒருவர்பின் ஒருவராகப் பிரட்டு ஆபீசுக்குள் போய், காதில் ஒலிக்கருவியை மாட்டிக் கேட்டு, தோட்டக் கிளார்க்கிடம் தனித்தனியாகச் சொல்லி எழுதவைத்தார்கள். நல்லமுத்து உள்ளே நெடுநேரம் இருந்தார். மூன்று முறை திரும்பப் போட்டுக் கேட்டதாகக் கிளார்க் பிறகு சொன்னார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரே திருகு" என்று மட்டும் சொன்னார்.

கிளார்க் மூன்று தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிரசிடென்டின் தாளில் தொடக்கத்தில் 'பெரியோர்களே' என்று ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தது. மற்றபடி மூன்றும் ஒன்றே. நலம் விசாரிப்புகளை விட்டுவிட்டு மற்றதை அவர் உரக்க வாசித்தார்.

"'அம்மா, நான் சந்தனம். நல்லா இருக்கேன். மார்கழி பத்துல வேல முடியுது. வெளிய வரவே அஞ்சு நாளாகும், மெல்ல மெல்லத்தான் அமுக்கத்தக் கொறைப்பாக. தை ஒம்போது, ஞாயித்துக்கெழம, கல்யாணத்த வைங்க. இருங்க, சப்பாத்தி வந்திருச்சு. ஆறுனா ரப்பரு...' இங்க ஏதோ திங்கிற சத்தம்னு மூணு பேரும் சொல்லியிருக்காங்க."

களம் சிரித்தது. கிளார்க் அடுத்த வரிகளைத் தமக்குள் ஒருமுறை படித்துவிட்டு, அழகுத்தாயைப் பார்த்தபடி வாசித்தார்.

"'மாமா, இன்னொண்ணு. நாளு எனக்கு எழுதிக் கேட்டீக. அழகுத்தாய்கிட்ட கேட்டீகளா? கடுதாசில அது பேரையே காணோம். அது சரின்னாத்தான் எனக்குச் சரி. வாயால சொல்லச் சொல்லுங்க.'"

பெரியமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு மகளிடம் நடந்து போனார். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு கங்காணி தன் மகளிடம் இப்படிக் கேட்பது அந்தக் களத்தில் அதுவரை நடந்ததில்லை.

"ஏத்தா, உனக்குச் சம்மதமா?"

"ரெண்டு மாசமாச் சம்மதம்தான்ப்பா. யாரும் கேக்கலையே."

"கம்பத்துக்கு நானே போயி கால்ல விழுந்து சொல்லிட்டு வந்துருதேன்" என்றார் பெரியமுத்து. "இன்னும் மாத்தலையே, அதுவரைக்கும் பொழச்சோம். ஆனா நனச்சு வச்ச வெத்தல?"

"தைவரைக்கும் தாங்காது" என்றாள் மூக்கம்மாள், கூடையை விட்டு எழுந்து. "கொண்டா. எல்லாருக்கும் குடுப்போம்."

நூறு பேர் வாயில் வெற்றிலை சிவந்தது. நல்லமுத்து கல்யாணத்துக்கு மைக் செட் இனாம் என்று அறிவித்தார். அதை மைக்கில்தான் அறிவித்தார், பழக்கம். கமலாத்தாள் அவருடைய பற்றவைப்பு வேலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "கை சுத்தமா இருக்குதுங்க. பதினாலு திருகயும் கழட்டிட்டு வாங்க, அடுத்த பொட்டி நம்ம ரெண்டு பேரும் பண்ணலாம்" என்றாள். அவர் கோட்டைத் தேடினார். அது சின்னையன் மேல் இருந்தது. குளிர்கிறது என்றான்.

சந்தனத்துக்குப் பதில் அனுப்ப அப்போதே ஒரு புதுக் கேசட் போடப்பட்டது. ஒரு பக்கம் முப்பது நிமிடம். கடைசியில் பேசுவதாக இருந்த பிரசிடென்ட், கேசட் ஓடுவதைக் கண்டதும் முதலில் வந்துவிட்டார். தேச முன்னேற்றத்தில் கடலின் பங்கு பற்றி இருபத்திரண்டு நிமிடம். பெரியமுத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மருமகனுக்கே புத்தி சொல்லி முடித்தார். மூக்கம்மாள் சாப்பாட்டைப் பற்றி இரண்டு நிமிடம். சின்னையன் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் அரை நிமிசந்தான் இருக்குது. சீக்கிரம்" என்று மைக்கை அழகுத்தாயின் கையில் திணித்தான்.

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, இங்க எல்லாரும் நல்ல காத்தத்தான் இழுத்துட்டுப் பேசுறாக. ஒண்ணும் வெளங்கல. எனக்குச் சம்மதம். நீங்க வந்து பேசுங்க."